சாரத்தில் ஏறும் ஆளுக்கு என்ன காப்புறுதி?

யாழ்ப்பாணத்தில் வீடு கட்டிக் கொடுக்கும் கொந்தராத்துக்காரர் ஒருவரிடம் "இன்சூரன்ஸ் இருக்கிறதா?" என்று கேட்டால் இருக்கிறது என்றுதான் சொல்வார். லொறிக்கு இருக்கும், மோட்டார் சைக்கிளுக்கு இருக்கும், லீசிங்கில் எடுத்த ரக்ரருக்கும் இருக்கும். இவற்றுக்கு இல்லாவிட்டால் பொலிஸ் மறிக்கும், லீசிங் கொம்பனி விடாது. சாரத்தில் நிற்கும் மேசனுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டால்தான் பதில் வரச் சற்று நேரம் எடுக்கும். அதை றோட்டில் மறித்துக் கேட்க ஆள் இல்லை. கேட்கிற நாள் வரும்போது ஆள் ஏற்கெனவே போதனா வைத்தியசாலையில் படுத்திருப்பார்.

ஐந்து பேரோ பதினைந்து பேரோ வைத்து வேலை செய்யும் சிறு கொந்தராத்துக்காரருக்காக இதை எழுதுகிறேன். மேசன் வேலை, கூரை வேலை, வயரிங், பெயின்ற், கிணறு வெட்டுதல் எதுவானாலும் விஷயம் ஒன்றுதான். பெரிய கொம்பனிகளில் இதைப் பார்க்கவென்றே ஒருவர் கதிரையில் இருப்பார், அவர்களை விட்டுவிடலாம்.

முதலில் பொறுப்பு, அப்புறம்தான் பொலிசி

நான் சொல்வது வேலையாட்களுக்கான நட்டஈட்டுக் காப்புறுதி. இதன் அடியில் ஒரு சட்டம் இருக்கிறது: 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். பலமுறை திருத்தப்பட்டு இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன் சாரம் எளியது. வேலையின்போது, அந்த வேலையின் காரணமாக ஏற்பட்ட விபத்தில் ஒருவர் காயப்பட்டாலோ இறந்தாலோ, அவரை வேலைக்கு வைத்தவர் நட்டஈடு கொடுக்க வேண்டும். பிழை முதலாளியுடையதா, தொழிலாளியின் கவனக்குறைவா என்று அங்கே நிறுத்துப் பார்ப்பதில்லை. "நான் கவனமாக ஏறு என்று சொன்னேனே" என்பது மனிதர்களுக்கு விளங்கும் நியாயம்தான், ஆனால் நட்டஈட்டைத் தள்ள அது மட்டும் போதாது. ஓரிரு நாளில் ஆறிவிடும் சிராய்ப்பு இதற்குள் வராது. குடிபோதையில் ஏறியது, தலைக்கவசம் போடு என்று வெளிப்படையாகக் கட்டளையிட்டும் வேண்டுமென்றே போடாமல் விட்டது போன்றவற்றில் முதலாளி வாதாட இடம் உண்டு. ஆனால் ஆள் இறந்துவிட்டால் அந்த வாதம் எளிதில் எடுபடாது. மத்தியானம் தவறணைப் பக்கம் போய்விட்டு வருபவரைப் பின்னேரம் சாரத்தில் ஏற்றாமல் விடுவது எந்தப் பொலிசியை விடவும் மலிவு.

நட்டஈடு நான்கு வகை நிலைமைகளுக்கு உண்டு: மரணம், நிரந்தர முழு இயலாமை, நிரந்தரப் பகுதி இயலாமை, தற்காலிக இயலாமை. விரல் போனது, கண் போனது போன்ற பகுதி இயலாமைகளுக்கு உழைக்கும் திறனில் எத்தனை வீதம் போனது என்று சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. தற்காலிக இயலாமை என்றால் வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு அரை மாதத்துக்கு ஒருமுறை ஒரு தொகை. எல்லாமே அந்த ஆள் வாங்கிய சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படுபவை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இரண்டு முக்கிய மாற்றங்கள் வந்தன. ஒன்று, ஆகக்கூடிய நட்டஈடு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாவிலிருந்து 20 இலட்சம் ரூபாவாக உயர்ந்தது. மற்றது, வீட்டிலிருந்து வேலைக்கு வரும்போதும் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போதும் நேரும் விபத்தும் உள்ளே வந்தது. கிளிநொச்சியிலிருந்து விடியவே மோட்டார் சைக்கிளில் ஏ-9 வீதியால் வரும் ஆட்களை வைத்திருப்பவருக்கு இது சின்ன மாற்றமில்லை. பழைய பொலிசியை வருடா வருடம் அப்படியே புதுப்பித்து வருபவர் இந்த இரண்டையும் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

ஆக, பொறுப்பைச் சுமத்துவது சட்டம். காப்புறுதி செய்வது ஒன்றே ஒன்றுதான்: அந்தப் பொறுப்பின் பணச் சுமையை ஒரு கொம்பனி உங்களுக்காக ஏற்கிறது. பொலிசி இல்லாவிட்டாலும் பொறுப்பு உங்கள் தலையில் இருந்தபடிதான் இருக்கும்.

"என் ஆட்கள் நாட்சம்பளக்காரர்தானே"

இதைத்தான் அடிக்கடி கேட்கிறேன். நிரந்தர ஆள் இல்லை, கடிதம் இல்லை, வந்தால் சம்பளம் வராவிட்டால் இல்லை, ஆகவே எனக்குப் பொறுப்பும் இல்லை என்பது பலருடைய கணக்கு. அது பிழையான கணக்கு. உங்கள் தொழிலுக்காக ஒருவரைக் கூலிக்கு வைத்தால், அது நாட்கூலியோ கிழமைக் கூலியோ, அவர் உங்கள் வேலையாள். தற்செயலாக, அதுவும் தன் தொழிலுக்குச் சம்பந்தமில்லாமல் ஒருவரை வைப்பவரின் கதை வேறு. வீட்டு முற்றத்து மாமரக் கொப்பு வெட்ட ஒருவரைக் கூப்பிடும் ஆசிரியரையும், கொங்கிறீட் போட ஆள் பிடிக்கும் கொந்தராத்துக்காரரையும் சட்டம் ஒன்றாகப் பார்க்காது.

சிலர் ஒரு துண்டு எழுதி வாங்குவார்கள்: "எனக்கு ஏதும் நடந்தால் முதலாளி பொறுப்பில்லை." முத்திரை ஒட்டிக் கையெழுத்து வைத்தாலும் அந்தத் துண்டுக்குப் பெறுமதி இல்லை. நட்டஈட்டு உரிமையை முன்கூட்டியே விட்டுக்கொடுக்கும் உடன்படிக்கை செல்லாது.

இன்னொரு குழப்பம், ஈ.பி.எவ். (ஊழியர் சேமலாப நிதி), ஈ.ரி.எவ். (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) கட்டினால் போதும் என்பது. ஈ.பி.எவ்.இல் முதலாளி 12 வீதமும் தொழிலாளி 8 வீதமும் கட்டுகிறார்கள், ஈ.ரி.எவ்.க்கு முதலாளி மட்டும் 3 வீதம். முதலாவது ஓய்வுக்காலச் சேமிப்பு. இரண்டாவது நிதியில் மரணம், நிரந்தர இயலாமை போன்றவற்றுக்குச் சில உதவிகள் உண்டுதான். ஆனால் வேலை விபத்துக்கான நட்டஈட்டுப் பொறுப்பை இவை இரண்டும் தீர்ப்பதில்லை. கட்ட வேண்டியவற்றைக் கட்டுங்கள், அப்புறம் இதையும் எடுங்கள்.

தனிநபர் விபத்துக் காப்புறுதியும் இதற்கு ஈடாகாது. அதில் பொலிசியில் எழுதிய தொகை கிடைக்கும். சட்டப்படி நீங்கள் கொடுக்க வேண்டியது அதைவிடக் கூடவென்றால் மிச்சம் உங்கள் கையிலிருந்துதான். ஆனால் உங்களுக்கு அது தேவைப்படும். நட்டஈட்டுப் பொலிசி உங்கள் வேலையாட்களுக்கானது; முதலாளியான நீங்கள் சாரத்திலிருந்து விழுந்தால் அதில் ஒரு சதமும் வராது. தானும் கரண்டி பிடித்து வேலை செய்யும் சிறு கொந்தராத்துக்காரர் தனக்கென ஒரு தனிநபர் விபத்துப் பொலிசி வைத்திருக்க வேண்டும்.

பிறீமியம் எப்படி வருகிறது

காப்புறுதிக் கொம்பனி கேட்பது முக்கியமாக இரண்டு விஷயம்: என்ன வேலை, ஒரு வருடத்தில் மொத்தம் எவ்வளவு சம்பளம் கொடுப்பீர்கள். வேலையின் ஆபத்துக்கு ஏற்ப ஒரு வீதம் போடுவார்கள். கணக்கு எழுதும் பிள்ளைக்கு ஒரு வீதம், கூரையில் நடப்பவருக்கு இன்னொன்று. வீதத்தைச் சம்பளத்தால் பெருக்கினால் பிறீமியம், அதற்குமேல் வரிகள்.

ஒரு பேச்சுக்கு மூன்று மேசன்மார், நாளுக்கு 4,500 ரூபா. ஐந்து உதவியாட்கள், நாளுக்கு 3,000 ரூபா என்று வைப்போம். ஒரு நாள் சம்பளம் 28,500. மாதம் 25 நாள் வேலை என்றால் 7,12,500. வருடத்துக்கு 85,50,000 ரூபா. வீதம் நூற்றுக்கு 1 என்று வைத்தால் பிறீமியம் 85,500. வீதம் கொம்பனிக்குக் கொம்பனி மாறும். இது கணக்கு விளங்கத்தான்.

இங்கேதான் கை அரிக்கும். எட்டுப் பேருக்குப் பதில் நாலு பேர் என்று எழுதினால் பாதிக் காசு மிச்சம். நாளுக்கு 4,500 வாங்கும் மேசனை 2,000 என்று போட்டால் இன்னும் மிச்சம். ஏஜன்ற் சிலர் தாங்களே இந்த யோசனையைத் தருவதும் உண்டு, பிறீமியம் குறைந்தால் ஆள் கையெழுத்து வைப்பார் என்று. ஆனால் நட்டஈடு சம்பளத்தை வைத்து வருகிறது என்று மேலே சொன்னேன். விழுந்தவர், இந்த நட்டஈட்டைத் தீர்மானிக்கும் வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளர் முன் 4,500 என்று சொல்வார், கூட வேலை செய்தவர்களும் அதையே சொல்வார்கள், கட்டளையும் அந்தக் கணக்கில்தான் வரும். கொம்பனியோ உங்கள் படிவத்திலுள்ள 2,000ஐக் காட்டும். விழுந்தவர் அந்த நாலு பேரில் ஒருவரா என்ற கேள்வி அதற்கும் முன்னால் வரும். இடையிலுள்ள பள்ளத்தை நீங்கள்தான் நிரப்ப வேண்டும்.

நேர்மையாக எழுதியவருக்கும் தொகை மாறும், அது பிழையில்லை. வருடத் தொடக்கத்தில் சொல்வது மதிப்பீடு. வருட முடிவில் உண்மையாகக் கொடுத்த சம்பளத்தைக் கேட்டுச் சரிப்படுத்துவார்கள். மேலே சொன்ன கணக்கில் வேலை கூடி 1,05,00,000 ரூபா சம்பளம் போயிருந்தால், கூடின 19,50,000க்கு 1 வீதம், 19,500 ரூபா மேலதிகமாகக் கட்ட வேண்டும். மாரி மழையில் வேலை படுத்து சம்பளம் குறைந்திருந்தால் திரும்பித் தரும் ஏற்பாடு பொலிசியில் உண்டா என்று எடுக்கும்போதே கேளுங்கள். பலர் அந்த வருட முடிவுக் கடிதத்தைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை.

இதற்கெல்லாம் வேண்டியது ஒரு சம்பளக் கொப்பி. கணினி வேண்டாம், எண்பது பக்கக் கொப்பி போதும். பெயர், அடையாள அட்டை இலக்கம், என்ன வேலை, எந்தத் தளம், எந்த நாள், எவ்வளவு காசு, வாங்கியவரின் கையெழுத்து. சனிக்கிழமை பின்னேரம் சம்பளம் கொடுக்கும்போதே கையெழுத்து வாங்குங்கள். பிறகு வாங்கலாம் என்றால் வாங்கப்படாது. புது ஆள் திங்கட்கிழமை வந்தால் திங்கட்கிழமையே பெயர் ஏற வேண்டும். பொலிசி பெயர்ப்பட்டியலோடு கொடுக்கப்பட்டதா, மொத்தச் சம்பளத்தை மட்டும் வைத்துக் கொடுக்கப்பட்டதா என்று தெரிந்து வையுங்கள். பெயர்ப்பட்டியல் என்றால் ஆள் மாறும் ஒவ்வொரு முறையும் கொம்பனிக்கு அறிவிக்க வேண்டும். நாட்கூலி ஆட்கள் கிழமைக்குக் கிழமை மாறும் நம் தொழிலுக்கு, கிடைக்குமென்றால், சம்பளத்தை வைத்துக் கொடுக்கும் பொலிசிதான் தோது. பொலிசி எடுப்பது ஒரு காலைப்பொழுது வேலை. அது செல்லுமா என்பதை முடிவு செய்வது வருடம் முழுக்க எழுதப்படும் இந்தக் கொப்பி. என்னைக் கேட்டால், கொப்பி வைக்கப் பஞ்சிப்படுபவர் பொலிசிக்குக் கட்டும் காசில் பாதி வீண்.

என்ன வேலை என்று சரியாகச் சொல்லுங்கள்

படிவத்தில் "கட்டட வேலை" என்று இரண்டு சொல்லில் முடிக்கக் கூடாது. யாழ்ப்பாணத்துச் சிறு கொந்தராத்துக்காரர் ஒரே வருடத்தில் மதில் கட்டுவார், மாடி வீட்டுக்குக் கொங்கிறீட் போடுவார், பழைய நாற்சார் வீட்டை உடைப்பார், கிணறும் வெட்டுவார். இவற்றின் ஆபத்து ஒரே அளவில்லை. உடைத்தல், வெடி வைத்தல், குறித்த ஆழத்துக்கு மேல் தோண்டுதல், குறித்த உயரத்துக்கு மேல் வேலை செய்தல் போன்றவற்றைச் சில பொலிசிகள் விலக்கி வைக்கும், அல்லது தனியாகச் சொல்லச் சொல்லும்.

கிணற்றை நான் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இங்கே மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல். உடைத்து இறங்க வேண்டும், ஊறும் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்காக எண்ணெயில் ஓடும் மெசினைக் கிணற்றுக்குள் இறக்கி வைத்து ஓடவிட்டால் அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயு கிணற்றுக்குள்ளேயே தங்கும். மணமில்லை, நிறமில்லை. இறங்கியவர் மயங்கி விழ, தூக்க இறங்கியவரும் விழுவார். ஒரே விபத்தில் இரண்டு மூன்று உயிர் போகக்கூடிய வேலை இது. மெசின் மேலேயே இருக்க வேண்டும். பொலிசியில் கிணற்று வேலை எழுதப்பட்டிருக்க வேண்டும், ஒரு விபத்துக்கு மொத்தமாக இவ்வளவுதான் என்ற எல்லை இருந்தால் அது எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும்.

எடுக்குமுன் கேட்க வேண்டியவை இன்னும் சில. போக்குவரத்தில் நேரும் விபத்து உள்ளேயா? வைத்தியச் செலவு உண்டா, எந்த எல்லை வரை? அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம் என்றாலும், முறிந்த காலுக்கு வெளியே வாங்கச் சொல்லும் உலோகத் தகட்டுக்கும் ஸ்கானுக்கும் காசு போகும். தொழிலாளி ஆணையாளரிடம் போகாமல் சிவில் நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்டு வழக்குப் போடும் வழியும் இருக்கிறது; அந்த வழக்கையும் பொலிசி தாங்குமா? யாழ்ப்பாணக் கிளையில் கோரிக்கையைப் பார்க்கும் அலுவலர் இருக்கிறாரா, இல்லாவிட்டால் ஒவ்வொரு கடிதமும் கொழும்புக்குப் போய் வருமா? இரண்டு மூன்று கொம்பனிகளிடம் ஒரே விவரத்தைக் கொடுத்து விலை கேளுங்கள். விலையை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் விலக்குகளையும் வைத்துப் பாருங்கள். பொலிசி பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வரும். விலக்குப் பக்கத்தை யாரையாவது கொண்டு வாசிப்பித்துவிட்டுக் காசைக் கட்டுங்கள். கட்டினால் கொம்பனியின் ரசீது, ஏஜன்ற்றின் கையெழுத்துத் துண்டு போதாது.

கைமாற்றிக் கொடுத்த வேலையும் கனடாவிலிருக்கும் வீட்டுக்காரரும்

நீங்கள் முழு வீட்டையும் எடுத்து, கூரையை ஒரு தச்சருக்கும் வயரிங்கை இன்னொருவருக்கும் கொடுக்கிறீர்கள். தச்சரின் உதவியாள் விழுகிறார். யார் பொறுப்பு? தச்சர்தான் அவரை வைத்தவர். ஆனால் உங்கள் தொழிலின் பகுதியாக அந்த வேலையைக் கைமாற்றிக் கொடுத்ததால் விழுந்தவர் உங்களிடமும் கேட்கலாம். நீங்கள் கொடுத்துவிட்டு, அதைத் தச்சரிடமிருந்து திருப்பி அறவிட உரிமை உண்டு. அறவிட அவரிடம் ஏதும் இருக்க வேண்டுமே. ஆகவே இரண்டில் ஒன்று செய்யுங்கள். அவருடைய பொலிசியின் பிரதியை வாங்கி முடியும் திகதியைப் பாருங்கள், அல்லது அவரின் ஆட்களுக்குப் போகும் கூலியையும் உங்கள் மதிப்பீட்டில் சேர்த்துக் கொம்பனிக்குச் சொல்லுங்கள்.

வீட்டுக்காரர் பக்கம் வேறு மாதிரி. தான் குடியிருக்க வீடு கட்டுவது அவருடைய தொழில் இல்லை என்பதால் இந்தப் பொறுப்பு பொதுவாக அவரிடம் போகாது. விருந்தினர் விடுதியோ கடைத்தொகுதியோ கட்டுபவர் அவ்வளவு நிச்சயமாக இருக்க முடியாது. ரொறன்ரோவிலிருந்து காசு அனுப்பிக் கட்டுபவர்கள் இப்போது இதைத் தாங்களாகவே கேட்கிறார்கள். ரொறன்ரோ இருக்கும் ஒன்ராரியோ மாகாணத்தில் 2013 ஜனவரியிலிருந்து கட்டடத் தொழிலில் இந்த வகைக் காப்பு பெரும்பாலானோருக்குக் கட்டாயம், அத்தாட்சிப் பத்திரம் காட்டச் சொல்வது அங்கே வழமை. அதைப் பழகியவர் வாட்ஸப்பில் "ஆட்களுக்கு இன்சூரன்ஸ் இருக்கோ?" என்று கேட்டால் கோபிக்க வேண்டாம். பொலிசியின் படத்தை அனுப்புங்கள், பிறீமியத்தை மதிப்பீட்டில் ஒரு வரியாகக் காட்டுங்கள். அப்படி வெளிப்படையாகக் காட்டினால் பெரும்பாலும் கொடுப்பார்கள்.

அரச வேலை எடுப்பவருக்குத் தெரிவே இல்லை. பொதுவாகப் பாவிக்கப்படும் கேள்விப் (ரெண்டர்) பத்திரங்கள், வேலை தொடங்கும் நாளிலிருந்து குறைபாடு திருத்தும் காலம் முடியும் வரை காப்புறுதி இருக்க வேண்டும் என்கின்றன. பாடசாலைக் கட்டடத்தைக் கையளித்ததும் பொலிசியைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்து ஒழுக்குப் பார்க்க ஆளை ஏற்றுவது வழக்கமாக நடக்கும் கூத்து. இன்னொன்று: கட்டடத்துக்கும் பொருட்களுக்கும் எடுக்கும் கொந்தராத்து முழு ஆபத்துப் பொலிசி வேறு. அதில் வெளியாருக்கான பகுதி றோட்டால் போனவருக்கு உதவும், உங்கள் சொந்த ஆட்களைப் பொதுவாக அது சேர்க்காது.

விபத்து நடந்தால்

முதல் வேலை ஆளை வைத்தியசாலைக்குக் கொண்டு போவது. விபத்துப் பிரிவில் வேலைத்தளத்தில் விழுந்தவர் என்றே சொல்லுங்கள். "சைக்கிளால் விழுந்தவர்" என்று பதிந்துவிட்டுப் பிறகு மாற்றுவது பெரும்பாடு. அன்றே கொம்பனிக்குத் தொலைபேசி, அடுத்த நாளே எழுத்தில். சாரத்தைப் பிரிக்குமுன் படம் எடுங்கள், பார்த்தவர்களின் பெயரை எழுதி வையுங்கள். வைத்தியசாலை தரும் நோய் நிர்ணய அட்டை, வைத்தியச் சான்றிதழ்கள், சம்பளக் கொப்பியின் முந்தைய மாதங்கள் இவை மூன்றும் கோரிக்கைக்கு அடிப்படை. மரணமென்றால் பொலிஸ் முறைப்பாடும் மரண விசாரணையும் வரும்.

மரணத்தில் இங்கே வழமையாக நடப்பதையும் சொல்ல வேண்டும். கொந்தராத்துக்காரர் செத்தவீட்டுச் செலவைப் பார்ப்பார், அந்தியேட்டிக்கும் காசு கொடுப்பார், ஊர்ப் பெரியவர்கள் முன்னால் ஒரு தொகை பேசி மனைவியின் கையில் வைப்பார். மனிதாபிமானம்தான், செய்ய வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் மரணத்துக்கான நட்டஈடு வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளரிடம் வைப்பிலிடப்பட வேண்டியது. யார் யார் தங்கியிருந்தவர்கள், யாருக்கு எவ்வளவு என்று பங்கிடுவது அவருடைய வேலை. கையில் கொடுத்த தொகையை நட்டஈடு கொடுத்ததாகக் கணக்கெடுப்பார் என்று நம்ப வேண்டாம். கொம்பனியைக் கேட்காமல் தொகை பேசி முடித்தால் பொலிசி நிபந்தனையையும் மீறியதாகலாம். உதவி வேறு, நட்டஈடு வேறு என்று முதல் நாளே பிரித்து வையுங்கள்.

கொம்பனி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் அவர்களுடைய முறைப்பாட்டுப் பிரிவு, பிறகு காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மன், இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு என்று வழிகள் உண்டு. ஆனால் அந்த இழுபறி உங்களுக்கும் கொம்பனிக்கும் இடையிலானது. காயப்பட்டவர் கேட்பது உங்களிடம், ஆணையாளரின் கடிதம் வருவதும் உங்கள் பெயருக்குத்தான். கொம்பனி பார்த்துக்கொள்ளும் என்று அந்தக் கடிதத்தை மேசையில் போட்டுவிடாதீர்கள். பிரதியை அன்றே கொம்பனிக்கு அனுப்பிவிட்டு, விசாரணைத் திகதிக்கு நீங்களும் போங்கள். போகாமல் விட்டால் உங்கள் பக்கத்தைக் கேட்காமலே முடிவு வந்துவிடலாம்.